பின்சுவர் மடங்கும் வண்டி

என் புருஷன் அதேல்மோவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. கல்யாணமாகி முதல் இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரன் வேலிக் கம்பம் ஏற்ற வேண்டும் என்பான், சரி. பாதிரியார் திருவிழாவுக்குப் பெஞ்சு ஏற்ற வேண்டும் என்பார், சரி. யாரோ ஒருத்தியின் மெத்தை, யாரோ ஒருவனின் பன்றி, எல்லாம் எங்கள் பழைய பிக்கப்பில் ஏறி இறங்கின. பிக்கப் வைத்திருந்த பாவத்துக்கு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே கிடையாது.

அந்தப் பழைய பிக்கப்பில் முன்னால் இரண்டே இருக்கை. ஆள் போய்வர ஒரு சின்னக் கார் தனியாக இருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டையும் கொடுத்துவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் கோயாஸ் மாநிலத்துக் கடையிலிருந்து புது வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். முன்பாதி பார்த்தால் கார். நாலு கதவு, ஐந்து பேருக்கு இடம், ஏசி. பின்பாதி பார்த்தால் சாமான் தொட்டி. தொட்டி குட்டைதான், ஆனால் பின் இருக்கைக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற சுவர் மடங்கும். இருக்கையைச் சாய்த்துச் சுவரையும் மடக்கிவிட்டால் தொட்டி வண்டிக்குள்ளேயே நீண்டுவிடும். மடக்கிக் காட்டினான், நிமிர்த்திக் காட்டினான், மறுபடி மடக்கிக் காட்டினான்.

“ரெண்டும் ஒண்ணுலயே இருக்கு நில்டா. குடும்பமும் போகலாம், சாமானும் போகலாம்,” என்றான்.

“ஒரே நாள்ல எனக்கும் வேணும், ஊருக்கும் வேணும்னா என்னய்யா பண்ணுவ?” என்று கேட்டேன்.

சிரித்தான். இருக்கைகளின் மேல் கடைக்காரன் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை, எங்கள் ஊரில் யாரும் கிழிக்க மாட்டார்கள், புதுசு புதுசாகவே இருக்க வேண்டுமாம். உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் தோல் உரிகிற மாதிரி சத்தம் வரும்.

இப்போது என் கதை. எனக்கு நாற்பத்து மூன்று வயது. பதினோரு வருஷமாகச் சுகாதார ஊழியர். மோட்டார் சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய்க் குழந்தைகளை எடை போடுவேன், கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பேன், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டுத் திட்டுவேன். வீட்டில் அறுபது மாட்டுக்கு நானே ஊசி போடுகிறேன். ஆனால் ஒரு மனுஷனுக்கு ஊசி போட எனக்கு அதிகாரம் இல்லை. அந்த வண்டி வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் சதுப்பு ஓரத்துப் பண்ணை ஒன்றில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தபோது, கையில் மருந்தை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வண்டி வரும் வரை அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டாள். நான்தான் அன்றிலிருந்து தூங்கவில்லை. நர்சிங் படிக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நகரத்தில் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் சேர நாடு முழுவதும் நடக்கிற தேர்வை எழுத வேண்டும். நவம்பரில் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு. முதல் ஞாயிறு தவறினால் இரண்டாவதற்கு அர்த்தமே இல்லை.

அந்தத் தேர்வைப் பற்றி நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் வாசல்தான். பன்னிரண்டுக்குத் திறக்கும், நாட்டுத் தலைநகர் பிரேசிலியாவின் நேரப்படி சரியாக ஒரு மணிக்கு மூடும். ஒரு நொடி தாமதம் என்றாலும் சாமியே வந்தாலும் திறக்காது. கடைசி நிமிஷத்தில் ஓடி வருகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் பிளாஸ்டிக் நாற்காலியும் பீரும் ஊதுகுழலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே வந்து உட்காரும். கதவு மூடிய பிறகு அழுகிறவர்களைப் போனில் படம் பிடிக்கும். டிவியில்கூடக் காட்டுவார்கள்.

ஜூன் மாதம் சாப்பாட்டு மேசையில் நான் பெயர் கொடுத்திருப்பதைச் சொன்னபோது என் நாத்தனார் சுல்மீரா, அதேல்மோவின் அக்கா, கோழிக்கால் எலும்பை வைத்துவிட்டுச் சொன்னாள்: “நானும் ஒரு நாற்காலியத் தூக்கிட்டு வந்துடறேன். நீ கடைசி ஆளா ஓடி வர்றதப் பாக்கணும்ல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. எனக்கும் அவளுக்கும் எப்போதுமே இப்படித்தான். அவள் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டாலும் ‘குண்டாயிட்டே’ என்று சொல்கிற மாதிரிதான் எனக்குக் கேட்கும்.

அந்தச் சுல்மீரா வீடு மாறுகிற நாளும் அதே ஞாயிறாகப் போய்விட்டது. நகரத்துக்குள் நுழைகிற இடத்தில் இருந்த வீட்டை விட்டு, நான் தேர்வு எழுதுகிற பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போகிறாள். மற்ற சாமானெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. பாக்கி அவளுடைய கல்யாண பீரோ. கண்ணாடி வைத்த கனத்த மர பீரோ. அதேல்மோதான் ஏற்றித் தர வேண்டும். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்கே தெரியும். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முதலில் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட வேண்டும், அதற்கப்புறம் பீரோவையோ வீட்டையோ எதை வேண்டுமானாலும் தூக்கட்டும். அதற்கும் சரி என்றான்.

ஞாயிறு காலை மாடு கறந்து முடித்து ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். மழை விட்டிருந்தது, வானம் மட்டும் மூடியே கிடந்தது. வெயில் இருந்திருந்தால் நிழலைப் பார்த்தே மணி சொல்லுவேன். என் போனை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டேன், தேர்வு அறையில் அது சிணுங்கினால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். கைக்கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. அதேல்மோவின் போன் முந்தின வாரம்தான் மாட்டுத் தொட்டியில் விழுந்து செத்திருந்தது. வண்டியில்தான் பெரிய திரை இருக்கிறதே, மணி காட்டுகிறதே, போன் எதற்கு என்றான். வண்டி வாங்கி வந்ததிலிருந்து மழையால் பண்ணையை விட்டு வெளியே எடுக்கவில்லை. நகரத்துக்கு அதன் முதல் பயணம் அதுதான்.

சேறு, பாலம், மறுபடி சேறு. மடியில் குறிப்பு நோட்டை வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். தார்ச்சாலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேடு வரும், அங்கேதான் போனுக்கெல்லாம் சிக்னல் கிடைக்கும். அந்த மேட்டில் ஏறியதும் திரை ‘டிங்’ என்று ஏதோ கேட்டது.

“என்ன கேக்குது?” என்றேன்.

“என்னமோ தானா சரி பண்ணிக்கவான்னு கேக்குது. பண்ணிக்கன்னு சொல்லிட்டேன்,” என்றான்.

மேட்டுக்கு முன்னால் பார்த்தபோது பத்து இருபது என்று நினைவு. அடுத்த தடவை நிமிர்ந்து பார்த்தால் ஒன்பது நாற்பது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயத்தில் முன்னால் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று. இரண்டு வருஷம் உட்கார்ந்து பின்னமும் சதவிகிதமும் படித்தவளுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதோடு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், யாரோ எனக்கு ஒரு மணி நேரத்தைச் சும்மா கொடுத்த மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மாத்தோ கிரோசோ மாநிலத்தின் அரசாங்க மணி, பிரேசிலியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஆனால் அரகுவாயா ஆற்றங்கரையில் இருக்கிற நாங்கள் அந்த மணியைச் சீண்டுவதே இல்லை. எங்களுக்குச் சந்தை, ஆஸ்பத்திரி, பேருந்து எல்லாம் அக்கரைக் கோயாஸோடுதான், அங்கே பிரேசிலியா மணி. அதனால் எங்கள் கடை, கோயில், பள்ளி எல்லாவற்றுக்கும் அதே மணி. போன் மட்டும் இது தெரியாமல் எங்கள் மாநிலத் தலைநகர் குயாபாவின் மணியைக் காட்டும். புதுப் போன் வாங்கினால் முதல் வேலையாக அந்தத் ‘தானாகச் சரிசெய்’ என்பதை அணைத்துவிடுவோம். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஒரு பிக்கப்புக்கு அந்த அளவு மூளை இருக்கும் என்று யார் கண்டது? பழைய வண்டியின் கடிகாரம் பன்னிரண்டு வருஷமாக நாலு பத்திலேயே நின்றிருந்தது, அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

நகர எல்லையில் அதேல்மோ மெதுவாகப் பேச்சை எடுத்தான். வாசல் திறக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதாம், பீரோவும் அதே வழிதானாம், கையோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப வர வேண்டாமாம். பத்து நிமிஷ வேலையாம். திரையைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பத்தெட்டு. சரி என்று சொன்னது நான்தான். இதை மறைத்துவிட்டு அவனை மட்டும் கரித்துக்கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

சுல்மீரா வாசலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. கையிலிருந்த போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நேரமாகலையா உனக்கு?” என்றாள்.

ஜூன் மாதத்துக் கோழிக்கால் எலும்பு எனக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. இவள் நாற்காலியோடு காத்திருக்கிறாள், நான் தாமதமாக வேண்டும் என்று இவளுக்கு ஆசை என்று நினைத்தேன். “என் நேரம் எனக்குத் தெரியும் அண்ணி. உங்க பீரோவப் பாருங்க,” என்றேன். சொன்ன விதமும் நன்றாக இல்லை. அவள் திரும்பி உள்ளே போனாள்.

பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பீரோ முழுசாக வாசலைத் தாண்டவில்லை. கதவுகளைக் கழற்ற வேண்டும், திருகாணி துருப்பிடித்திருந்தது, அதற்கு எண்ணெய். இடையில் சுல்மீரா பெக்கி என்கிற எங்கள் பக்கத்துக் காய் போட்டு ஆக்கி மிச்சமிருந்த சோற்றை மூன்று தட்டில் போட்டுக் கொடுத்தாள், நின்றுகொண்டே சாப்பிட்டோம். தொட்டியில் பீரோ கொள்ளவில்லை. அதேல்மோ முகமெல்லாம் பல்லாக வந்து பின் இருக்கையில் ஒரு பாதியைச் சாய்த்தான், சுவரை மடக்கினான், பீரோவின் உடம்பு வண்டிக்குள் முன் இருக்கையின் முதுகு வரை நுழைந்தது. அந்த நிமிஷத்துக்காகத்தான் அவன் இந்த வண்டியையே வாங்கியிருந்தான். கண்ணாடிக் கதவைப் போர்வையால் சுற்றித் தொட்டியின் பக்கவாட்டில் நிமிர்த்திக் கட்டினான். நடுவில் இரண்டு மூன்று தடவை நான் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். நேரம் நிறைய இருந்தது. சுல்மீராவும் அடிக்கடி போனைப் பார்த்தாள், எங்களை விரட்டுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

முழங்கால் வலி என்று அவள் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் மிச்சமிருந்த பாதி இருக்கையில் பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் நான். கடைசியாக ஒரு அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தார்கள். திரை பதினொன்று இருபத்தைந்து காட்டியது. பள்ளிக்குக் கால் மணி நேரம்.

தேர்வுக் கூட்டத்தால் பெரிய தெருவில் வண்டிகள் ஊர்ந்தன. பீரோ ஆடக்கூடாது என்று அதேல்மோ அதைவிட மெதுவாக ஊர்ந்தான். அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். மடியிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து. பழைய வண்டியாக இருந்தால் பெட்டி தொட்டியில் கிடந்திருக்கும், நடுவில் இரும்பு இருந்திருக்கும். இதில் சாமானும் நானும் ஒரே அறையில் இருந்தோம். திறந்து, துண்டை விலக்கினேன். சுல்மீராவின் மாமனார் ரயில்வேயில் இருந்தபோது வாங்கிய மேசைக் கடிகாரம், சாவி கொடுக்கிறது, ஒரு குழந்தை கனம் இருக்கும். பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

“உங்க கடிகாரம் கெட்டுப்போச்சு அண்ணி, ஒரு மணி நேரம் கூடக் காட்டுது,” என்றேன்.

சுல்மீரா திரும்பவில்லை. திரையை விரலால் காட்டினாள். “நில்டா, இது எந்த ஊர் மணி?” என்றாள்.

அதேல்மோ பிரேக்கை மிதித்தான். மேடும், டிங் சத்தமும், சும்மா கிடைத்த ஒரு மணி நேரமும் எனக்கு ஒரே சமயத்தில் விளங்கின. சுல்மீரா போனைத் தூக்கிக் காட்டினாள், பன்னிரண்டு நாற்பத்து மூன்று. முன்னால் வண்டி வரிசை, பின்னால் வண்டி வரிசை. அதேல்மோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான், யாரும் நகரவில்லை, எல்லா வண்டியிலும் யாரோ ஒருவருக்கு அதே அவசரம். பெட்டியை பீரோவின் மேல் வைத்துவிட்டு, அடையாள அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

பதினோரு வருஷம் மோட்டார் சைக்கிளில் போனவளுக்கு ஓட வராது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மேட்டுத் தெருவில் மூச்சு அடைத்தது. பள்ளி முனை திரும்பும்போதே கூட்டம் சத்தமாக எண்ணுவது கேட்டது. பத்து, ஒன்பது, எட்டு. நாற்காலிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். சிலர் வா வா என்று கை தட்டினார்கள், அவர்களும் நல்லவர்கள்தான். இரண்டு, ஒன்று. நான் கம்பியைப் பிடித்தபோது உள்ளே சங்கிலி பூட்டில் விழுந்தது. காவல்காரப் பெண் என் கண்ணைப் பார்க்காமல், மன்னிச்சுக்கங்கம்மா என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஊதுகுழல் ஊதினார்கள். “அத்தை, அடுத்த வருஷம் வா,” என்று ஒருவன் கத்தினான். கையில் செருப்போடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. திரும்பினால் ஏழெட்டுப் போன்கள் என் முகத்தை நோக்கி நீண்டிருந்தன.

அப்போது எங்கள் வண்டி நடைபாதை மேலேயே ஏறி வந்து, எனக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் குறுக்காக நின்றது. சுல்மீரா முன் கதவைத் திறந்து, வலிக்கிற முழங்காலோடு இறங்கி, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கயிற்றை அவிழ்த்தாள். கண்ணாடிக் கதவின் மேலிருந்த போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள். ஆள் உயரக் கண்ணாடி. படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் போனில் அவர்களே தெரிந்தார்கள், வாயைத் திறந்து சிரித்தபடி, கையில் பீர் பாட்டிலோடு. ஒருவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பிறகு ஒவ்வொரு போனாகக் கீழே இறங்கியது. ஊதுகுழல்காரன் மட்டும் இன்னொரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“ஏறு நில்டா, பீரோவ இறக்கணும்,” என்றாள் சுல்மீரா.

புது வீட்டில் பீரோவை இறக்கினோம், திருகாணி போட்டோம், கதவை மாட்டினோம். அதேல்மோ அதன்பின் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கேள்விக்குச் ‘சரி’ என்று சொன்னோம் என்று திரை முழுக்கத் தேடினான். கிடைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. சுல்மீரா காபி கொண்டு வந்தாள். ‘நான்தான் கேட்டேனே’ என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. கடைசியில் நானே சொன்னேன்.

“நீங்க கேட்டீங்க அண்ணி, நேரமாகலையான்னு.”

“கேட்டேன். மணி பதினொண்ணாச்சுன்னு சொல்லியிருக்கணும். உன் வாய்க்குப் பயந்து சொல்லல.” காபியை ஆற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். “நான் அன்னிக்கு நாற்காலின்னு சொன்னது கிண்டல்தான். ஆனா நெஜமாவே வந்திருப்பேன். நீ உள்ள போறதப் பாக்க.”

எனக்கு அப்போது இன்னொரு தடவை அழுகை வந்தது. அது வேறு அழுகை.

மறுவருஷம் ஜூனில் மறுபடி பெயர் கொடுத்தேன். அதற்குள் அந்த வண்டியை ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியிருந்தேன். பிளாஸ்டிக் உறைகளைக் கத்திரிக்கோலால் வெட்டி எறிந்தேன், அதேல்மோ பார்த்துக்கொண்டு நின்றான். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் பக்கத்துப் பண்ணைக்காரன் சாயங்காலம் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் மகனுக்கு ஞானஸ்நானமாம், இரண்டு பன்றி ஏற்ற வேண்டுமாம், விடிகாலையிலேயே கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவானாம். நான் அடுப்படியில் இருந்தேன்.

“அன்னிக்கு முடியாது,” என்றான் அதேல்மோ.

பக்கத்துப் பண்ணைக்காரன் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டான். அதேல்மோ மறுபடி சொன்னான். மூன்றாவது தடவையும் கேட்டு, மூன்றாவது தடவையும் அதே பதில் வந்ததும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் அணைக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு நான் தனியாகக் கிளம்பினேன். தொட்டி காலி, சுவர் நிமிர்ந்து நின்றது. சுல்மீரா முந்தின வாரமே தன் மேசைக் கடிகாரத்தைக் கொடுத்தனுப்பியிருந்தாள், சாவியோடு. அதைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். வண்டி உடனே கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது, உட்கார்ந்திருக்கிறவர் பெல்ட் போட வேண்டுமாம். கடிகாரத்துக்கு பெல்ட் போட்டுவிட்டேன். மேட்டில் ஏறியதும் திரை வழக்கம்போல் டிங் என்று ஏதோ கேட்டது. நான் ஒன்றையும் தொடவில்லை.

பள்ளித் தெரு காலியாக இருந்தது. பூட்டிய வாசலுக்கு எதிரே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் சுல்மீரா, காலை நீட்டிக்கொண்டு, மடியில் ஒரு டப்பா நிறையச் சீஸ் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நேரமாகலையா உனக்கு?” என்றாள்.

“மணி என்ன அண்ணி?” என்று கேட்டேன்.

ஒன்பது ஐம்பது என்றாள். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்தேன், வாசல் திறக்கும் வரை இரண்டு பேரும் ரொட்டி சாப்பிட்டோம்.